கடலைக் காட்டாதே: ஒரு குதிரைப் பந்தய நாவலைப் பிரித்துப் பார்த்தல்

அயர்லாந்துக் கிராமத்துக் கதைகளை 1888-ல் தொகுத்த டபிள்யூ. பி. யேட்ஸ், நீர்க்குதிரையைப் பற்றிச் சில வரிகளே எழுதியிருக்கிறார். அது தண்ணீரிலிருந்து ஏறிவந்து மணலிலும் வயலிலும் ஓடும். அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் புகுந்து கடிவாளம் மாட்டிவிட்டால், அதைவிட நல்ல குதிரை கிடைக்காது. ஒரே ஒரு நிபந்தனைதான்: தண்ணீர் அதன் கண்ணில் படக்கூடாது. பட்டால், ஏறியிருப்பவனோடு உள்ளே பாய்ந்து, அடியில் வைத்து அவனைக் கிழித்துவிடும்.

மேகி ஸ்டீஃப்வாட்டர் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2011-ல் இளையோருக்காக எழுதிய 'த ஸ்கார்பியோ ரேசஸ்' இந்த நிபந்தனையை எடுத்து அப்படியே கவிழ்த்துப் போடுகிறது. குதிரைக்குக் கடலைக் காட்டாதே என்கிறது மரபு. நாவலோ பந்தயத்தையே கடற்கரையில் நடத்துகிறது. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் அலை, நடுவில் ஈர மணல். ஓடுகிற ஒவ்வொரு குதிரையின் காதிலும் கடல் இரைந்துகொண்டே இருக்கிறது. நாவலில் வருகிற மரணம், பயிற்சி, சூதாட்டம், காதல் எல்லாம் இந்த ஒரு கவிழ்ப்பிலிருந்து கிளைப்பவை.

ஸ்காலஸ்டிக் வெளியீடு, 400 பக்கத்துக்கு மேல். அமெரிக்க நூலகச் சங்கம் இளையோர் நூல்களுக்குத் தரும் பிரின்ட்ஸ் விருது வரிசையில் 2012-ல் சிறப்புத் தேர்வு பெற்றது. இதன் கட்டுமானத்தில் எது எங்கே சுமை தாங்குகிறது, எது தாங்கவில்லை என்பதே இங்கே பேச்சு. முடிவையும் சேர்த்துத்தான் பேச வேண்டியிருக்கிறது. படிக்கும் எண்ணம் இருப்பவர்கள் நாவலை முடித்துவிட்டு இங்கே வரலாம்.

கதை சுருக்கமாக: திஸ்பி என்பது பிரிட்டனும் அயர்லாந்தும் கலந்த சாயலில் ஒரு கற்பனைத் தீவு. இலையுதிர்காலத்தில் கடலிலிருந்து இறைச்சி தின்னும் குதிரைகள் ஏறிவருகின்றன. அவற்றைப் பிடித்து, அக்டோபர் முழுக்கப் பழக்கி, நவம்பர் 1 அன்று கடற்கரையில் ஓட விடுகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஆள் சாகிறான். ஷான் கெண்ட்ரிக் பலமுறை வென்ற லாயக்காரன். அவன் ஓட்டும் சிவப்பு ஆண்குதிரை கோர் அவனுடையதல்ல, முதலாளி மால்வர்னுடையது. அதை விலைக்கு வாங்குவது ஒன்றே அவன் கனவு. பக் கானலி, பெற்றோரைக் கடற்குதிரைகளுக்குப் பறிகொடுத்த பெண். அண்ணன் தீவை விட்டுப் போகிறேன் என்கிறான், இருக்கிற வீடும் கைநழுவப் பார்க்கிறது. அவள் கடற்குதிரையில் அல்ல, டவ் என்ற தன் சாதாரணத் தீவுக் குதிரையில் ஓடப் பெயர் கொடுக்கிறாள்.

பெயரில் ஒரு சின்னத் தொல்லை

நாவல் இந்த விலங்கை ஐரிஷ் மொழியில் 'கப்பல் இஷ்கா' என்கிறது. கப்பல் என்றால் குதிரை, இஷ்கா என்றால் தண்ணீர். விஸ்கி என்ற சொல்லுக்கு மூலமும் இந்த இஷ்காதான். தமிழில் எழுதும்போது முதல் சொல்லே காலை வாருகிறது. 'கப்பல் கரையேறி ஆளைக் கடித்தது' என்று எழுதினால் வாசகர் சிரித்துவிடுவார். 'கடற்குதிரை' என்றால் விரல் நீள மீன் நினைவுக்கு வருகிறது. 'நீர்க்குதிரை'தான் மிச்சம். அது காலியாக இருப்பதும் ஓர் அதிர்ஷ்டம்: கிரேக்கர்கள் ஆற்றுக்குதிரை என்று பெயரிட்ட விலங்கைத் தமிழ் நீர்யானை ஆக்கிக்கொண்டதால் இந்தச் சொல் யாருக்கும் போகாமல் நமக்காகக் கிடக்கிறது. இனி நீர்க்குதிரை என்றே சொல்வோம்.

லாயத்தில் கட்டியது குதிரையல்ல, வேட்டை விலங்கு என்ற அச்சம் நமக்கும் புதிதல்ல. நரியைப் பரியாக்கிய திருவிளையாடலில், பாண்டியன் கொட்டடிக்குள் போன பரிகள் நள்ளிரவில் திரும்பவும் நரிகளாகிப் பழைய குதிரைகளைத்தானே கடித்துக் குதறின.

மரபில் எதை வெட்டினார்

ஸ்காட்லாந்தின் கடலோரங்களிலும் ஏரிகளிலும் சொல்லப்படும் நீர்க்குதிரைக்கு மூன்று அடையாளங்கள் உண்டு. ஒன்று, தோல் ஒட்டிக்கொள்ளும். தொட்டவன் கையை எடுக்க முடியாது. இரண்டு, அழகான இளைஞனாக உருமாறி வரும். தலைமுடியில் மணலோ பாசியோ இருந்தால்தான் குட்டு வெளிப்படும். மூன்று, இரையை முழுவதும் தின்று ஈரலை மட்டும் விட்டுவிடும். மறுநாள் ஈரல் கரை ஒதுங்கும். ஏழு சிறுமிகள் ஏறிய கதை பிரபலம். ஒவ்வொருத்தியாக ஏற ஏற முதுகு நீண்டுகொண்டே போகிறது. கூட வந்த பையன் மட்டும் சந்தேகப்பட்டுப் பாறை இடுக்கில் ஒளிகிறான். மறுநாள் கரையில் ஏழு ஈரல். வேறு வடிவங்களில் பையனின் விரல் ஒட்டிக்கொள்கிறது, அவன் கத்தியால் விரலை நறுக்கிக்கொண்டு தப்புகிறான். மேன் தீவின் நீர்க்குதிரை பெரும்பாலும் மாட்டைத் தூக்கிக்கொண்டு போகிறது.

பயமுறுத்தத்தான் வேண்டும் என்றால் இத்தனையையும் உள்ளே போட்டிருக்கலாம். ஸ்டீஃப்வாட்டர் ஒட்டும் தோலை வெட்டிவிட்டார், உருமாற்றத்தை வெட்டிவிட்டார். இரண்டு வெட்டும் சரி என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒட்டும் தோல் இருந்தால் பந்தயமே இல்லை. குதிரையேற்றத்தின் சாரம் விழாமல் இருப்பது. தொடை, முழங்கால், குதிகால், முதுகெலும்பு எல்லாம் ஒவ்வொரு எட்டிலும் சமநிலையைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கின்றன. தோலே பிடித்துக்கொண்டால் திறமைக்கு வேலையில்லை, கீழே விழும் பயமும் இல்லை. ஏறியவன் வெறும் மூட்டை. கடலுக்குள் போகும்வரை அவனைவிடப் பத்திரமாக யாரும் உட்கார்ந்திருக்க முடியாது! அலங்காரமாகப் பார்த்தால் மரபின் மிக பயங்கரமான உறுப்பு அது. பந்தய நாவலுக்குள் கொண்டுவந்தால் கதையைக் கொன்றுவிடும்.

உருமாற்றம் கெடுப்பது வேறொன்றை. மனிதனாகப் பேசக்கூடிய குதிரை பொய் சொல்லும், திட்டமிடும், மனம் மாறும். பிறகு அது வில்லன் அல்லது காதலன். திஸ்பியின் நீர்க்குதிரை விலங்கு மட்டுமே. அது கடிப்பது பசியால், பயத்தால், அல்லது கடல் கூப்பிடுவதால். எனவே ஒருவன் செத்தால் பொறுப்பு கடிவாளம் பிடித்த கைக்குத்தான். ஷான் அடக்கமாக இருப்பதும், மால்வர்னின் மகன் மட் ஆர்ப்பாட்டமாக இருப்பதும் குணச்சித்திரமாக மட்டும் நிற்காமல் உயிர்ப் பிரச்சினையாக மாறுவது இதனால்தான்.

விட்டுவைத்தது இரண்டே: இறைச்சிப் பசி, கடலின் இழுப்பு. சேர்த்தது ஒன்று: நாட்காட்டி. நவம்பர் 1 ஐரிஷ் மரபில் சாவின் திருநாள், குளிர்காலத்தின் வாசல். பூக்கா என்ற உருமாறும் ஆவிக்குரிய நாள் என்று யேட்ஸ் குறிப்பதும் அதே நாளைத்தான். நாவலின் முதல் வாக்கியமே தேதியைச் சொல்லி, இன்று யாரோ சாகப்போகிறார்கள் என்று அறிவித்துவிடுகிறது. பிறகு அக்டோபரின் ஒவ்வொரு பயிற்சி நாளும் தானாகவே எண்ணிக்கை ஆகிவிடுகிறது.

வாயைத் திறந்து பார்த்தால்

இறைச்சி தின்னும் குதிரை என்று எழுதிவிடுவது சுலபம். நிஜக் குதிரையின் உடலை அருகில் வைத்துப் பார்த்தால் எங்கெங்கே இடிக்கிறது என்று தெரியும்.

குதிரையின் இரைப்பை சிறியது, 8 முதல் 15 லிட்டர். புல்லைப் பிரிக்கும் வேலை பின்னால் பெருங்குடலிலும் அதன் தொடக்கத்தில் உள்ள பெரும் பையிலும் நடக்கிறது. அந்தப் பை மட்டுமே சுமார் 30 லிட்டர் பிடிக்கும். குதிரையின் வயிறு பீப்பாய் போல உருண்டிருப்பது இதனால். இறைச்சி தின்னும் விலங்குக்கு இந்தத் தொட்டி தேவையில்லை. அதன் அடிவயிறு வேட்டைநாய்போல ஒட்டியிருக்க வேண்டும். இன்னொன்று, குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. கெட்ட இறைச்சி உள்ளே போனால் திரும்பி வராது. வாயால் மூச்சு விடவும் அதற்கு முடியாது, மூக்கு ஒன்றே வழி. கடலுக்குள் வாழ வேண்டுமானால் மூக்குத் துளை சீல்நாயுடையதைப் போல இறுக மூட வேண்டும். கண்கள் பக்கவாட்டில் இருப்பது இரையின் அமைப்பு. கிட்டத்தட்ட முழுவட்டமும் தெரியும், நேர் முன்னே மூக்கடியிலும் நேர் பின்னேயும் தவிர. வேட்டையாடும் விலங்குக்குக் கண் முன்னோக்கியிருப்பதே வசதி.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது பல். குதிரையின் முன்வெட்டுப் பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே ஈறு மட்டும் உள்ள ஒரு வெற்றிடம் இருக்கிறது. கடிவாளத்தின் இரும்புத் துண்டு உட்காருவது அங்கேதான். மனிதன் குதிரையை ஆண்டது இந்த நான்கு விரல் இடைவெளியால் என்று சொன்னால் மிகையில்லை. ஒரு எழுத்தாளர் ஆர்வக்கோளாறில் நீர்க்குதிரையின் வாய் முழுக்க ஓநாய்ப் பற்களை அடுக்கினால் கடிவாளம் மாட்ட இடமிருக்காது. கடிவாளம் இல்லையென்றால் பயிற்சி இல்லை, பந்தயம் இல்லை. ஓவியர்கள் வரையும் நீர்க்குதிரைப் படங்களில் பெரும்பாலும் நடப்பது இந்தப் பிழை. பார்க்க அட்டகாசமாக இருக்கும், அதன் மேல் ஏறி ஓட்ட முடியாது.

ஸ்டீஃப்வாட்டர் இந்த வலையில் விழவில்லை. அவருடைய நீர்க்குதிரையைத் தூரத்திலிருந்து பார்த்தால் குதிரைதான். அளவில் பெரிது, வேகத்தில் கூடுதல், அருகே போனால் கடல் வாசனை. கடிக்கும்போதுதான் வித்தியாசம் தெரிகிறது. உடற்கூற்றை விளக்காமல் விட்டதும் புத்திசாலித்தனம். இயற்கையே இரண்டு சன்னல்களைத் திறந்து வைத்திருக்கிறது: ஆண்குதிரைக்குப் பொதுவாக நான்கு கோரைப்பற்கள் உண்டு, மேலே இரண்டு, கீழே இரண்டு, கடிவாளம் உட்காரும் இடத்துக்குச் சற்று முன்னால். ஐஸ்லாந்தில் குளிர்காலத் தீவனத்தோடு உப்புப் போட்ட ஹெர்ரிங் மீனைக் குதிரைகளுக்குக் கொடுத்த வழக்கமும் உண்டு. வாசகரின் மனம் மீதித் தூரத்தைத் தானே தாண்டிக்கொள்ளும்.

இரும்பு, மணி, உப்பு, சிவப்பு நாடா, மூன்று ஏழு என்ற எண்கள் என நாவலில் காப்புகள் நிறைய. எது வேலை செய்கிறது, எது வெறும் நம்பிக்கை என்று கடைசிவரை கோடு போட்டுக் காட்டப்படுவதில்லை. மந்திரத்துக்கு விதிப் பட்டியல் கேட்கும் வாசகருக்கு இது குறை. நமக்கு இது நிறை. எந்த ஊர் லாயத்துக்குப் போனாலும் கறுப்புக் கயிறும் எலுமிச்சையும் தொங்காமல் இருக்காது. கட்டியவனிடம் கேட்டால் 'இருக்கட்டுமே' என்பான். ஷான் அந்த ரகம். காப்புகளை அறிந்தவன், ஆனால் குறைவாகக் கட்டுபவன். இரும்பை அளவுக்கு மீறிப் போட்டால் குதிரை அடங்குவதில்லை, வெறுப்பைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது என்பது அவன் கணக்கு. முரட்டுக் கடிவாளம் போட்ட எந்தக் குதிரையிடமும் இதைப் பார்க்கலாம். வாய் மரத்துப்போகும், பிறகு இழுத்தாலும் நிற்காது.

மணலும் ஓதமும்

கடற்கரைப் பந்தயம் கற்பனையல்ல. டப்ளினுக்கு வடக்கே மீத் கவுண்டியில் லேடவுன் என்ற கடலோர ஊரில் 1868 முதல் குதிரைப் பந்தயம் நடக்கிறது. பாய்ன் ஆற்றுப் படகுப் போட்டியின் துணை நிகழ்ச்சியாகத் தொடங்கியது. நீர் ஏறியிருக்கும்போது படகு, வற்றியபின் குதிரை. இன்றும் நிரந்தரக் கட்டடம் கிடையாது. கடற்கரைக்கு மேலே சுமார் 3 ஏக்கர் வயலில் கூடாரம் போடுகிறார்கள், மணல்மேட்டில் வெட்டிய படிகளில் நின்று பார்க்கிறார்கள், நீர் வற்றியதும் தடம் குறித்து ஓடவிடுகிறார்கள்.

1994 வரை அங்கே ஓட்டம் பெட்டிஸ்டவுன் பக்கமாகப் போய், பாதியில் வளைந்து திரும்பியது. பார்வையாளர்களும் ஓடுதடத்துக்கு ஒட்டியே நின்றார்கள். அந்த ஆண்டு நடந்த கடும் விபத்துகளுக்குப் பின் எல்லாம் மாறியது. திருப்பம் ஒழிந்து நேர்த்தடம் மட்டும். தூரம் 6 அல்லது 7 ஃபர்லாங், அதாவது ஏறத்தாழ 1,200 அல்லது 1,400 மீட்டர். ஓட்டத்துக்கு அதிகபட்சம் 10 குதிரை. அனுபவமுள்ள ஜாக்கிகளுக்கு மட்டும் அனுமதி.

ஏன் திருப்பம் அவ்வளவு ஆபத்து? 500 கிலோ எடையுள்ள விலங்கு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. திரும்பும்போது உள்பக்கக் கால்கள் மணலைப் பக்கவாட்டில் தள்ளுகின்றன. புல்தரையில் வேர்கள் பிடித்துக்கொள்ளும். மணலில் பிடிப்பது மணிகளுக்கு இடையே உள்ள மெல்லிய நீர்ப்படலம் மட்டும்தான். மேலே காய்ந்த மணலில் அந்தப் படலம் இல்லை, குளம்பு புதைகிறது, காலின் பின்பக்கத் தசைநாண் இழுபடுகிறது. கீழே அலையோரம் நீர் மணிகளைப் பிரித்துவிடுவதால் அங்கும் பிடிப்பு இல்லை. சற்று முன் நீர் விலகிப்போன நடுப்பட்டை ஒன்றுதான் சிமெண்டுத் தரைபோல இறுகியிருக்கும். அந்தப் பட்டை நகர்ந்துகொண்டே இருக்கும்.

நாவலின் பந்தயத்தைப் புரிந்துகொள்ள இந்தப் பட்டையை மனதில் வைத்தால் போதும். எல்லாருக்கும் இறுகிய மணல் வேண்டும். அது கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நீர்க்குதிரையைக் கடலிலிருந்து தள்ளி ஓட்டினால் உயிர் பிழைக்கலாம், ஆனால் இளமணலில் வேகம் போய்விடும். வேகம் வேண்டுமா, கடலை ஒட்டிப் போ. உயிர் வேண்டுமா, பாறையை ஒட்டிப் போ. பக்கிடம் இருக்கும் சாதாரணக் குதிரைக்குக் கடலால் பயமில்லை. ஆனால் கடல்பக்கம் ஓடும் மற்ற குதிரைகள் அதை இரையாகத்தான் பார்க்கும். அதனாலேயே அவள் ஆரம்பத்தில் கூட்டத்திலிருந்து விலகிப் பாறை மேட்டில் பயிற்சி எடுக்கிறாள்.

இந்த வகையில் எழுத நினைப்பவர் முதலில் ஒரு தாளில் ஓத அட்டவணை, அதாவது கடல்நீர் ஏறி வற்றும் நேரப் பட்டியல், போட்டுக்கொள்வது நல்லது. ஒரு வற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். ஆக ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் பிந்தும். அக்டோபர் 1-ல் காலை 9 மணிக்கு வற்றம் என்று வைத்தால், 8-ஆம் தேதி அது பிற்பகல் 3 மணிக்குச் சற்று முன்னால் வரும். அடுத்த வாரம் மாலை வற்றம் இருட்டில் விழும், அதிகாலை வற்றம் மெல்லப் பகலுக்குள் நகரும். மாத முடிவில் அந்தப் பக்கமெல்லாம் மாலை 5 மணியளவிலேயே வெளிச்சம் போய்விடும். நவம்பர் 1 அன்று வற்றம் காலை 10 மணிவாக்கில் அமையும். அது பந்தயத்துக்கு வசதியான நேரம், ஆனால் தற்செயலாக அமைந்தது. தொடக்கத்தில் 9 மணிக்குப் பதில் 2 மணி என்று வைத்திருந்தால் பந்தய நாளில் காலை 10 மணிக்குக் கரையே இருந்திருக்காது. தினமும் ஒரே நேரத்தில் கதாநாயகன் கடற்கரையில் குதிரையோட்டும் கதைகளில் எழுத்தாளர் கடலைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார் என்று சொல்லிவிடலாம்.

லேடவுனுக்கும் திஸ்பிக்கும் உள்ள பெரிய வித்தியாசம் விதிகளில் இருக்கிறது. அங்கே விபத்து நடந்ததும் தடத்தைத் திருத்தினார்கள். திஸ்பியில் திருத்த எவருக்கும் விருப்பமில்லை. பெருநிலத்திலிருந்து சுற்றுலாக்காரர்கள் படகேறி வருவதே ஆள் சாவதைப் பார்க்கத்தான். விடுதி, கடை, சூதாட்டம், குதிரை வியாபாரம் எல்லாம் அந்த ஒரு மாத வருமானத்தில் ஓடுகின்றன. மரணம் அந்தத் தீவின் அறுவடை. இதை நாவல் ஒருபோதும் பிரசங்கமாகச் சொல்வதில்லை, ஊரே வியாபாரம் செய்துகொண்டிருப்பதைக் காட்டுவதோடு விட்டுவிடுகிறது.

பக்கின் அண்ணன் தீவை விட்டுப் போவதும் இந்தப் பொருளாதாரத்தின் மறுபக்கம். 1930 ஆகஸ்ட் 29 அன்று ஸ்காட்லாந்தின் செயின்ட் கில்டா தீவில் மிச்சமிருந்த 36 பேரும் கப்பலேறி வெளியேறினார்கள். இளைஞர்கள் ஒவ்வொருவராகப் போனபின், படகு இழுக்கக்கூட ஆள் போதாமல் போன தீவு அது. திஸ்பியில் ஒருவன் மூட்டை கட்டுவது வெறும் குடும்பச் சண்டையாகத் தெரியாமல் இருப்பதற்கு இப்படிப்பட்ட வரலாறு பின்னால் நிற்கிறது.

இரண்டு குரல், ஒரு பரிசு

அத்தியாயங்கள் ஷான், பக் என்று மாறி மாறித் தன்மையிலும் நிகழ்காலத்திலும் வருகின்றன. இது அழகுக்காக மட்டும் அல்ல. 'நான் ஓடினேன்' என்று இறந்தகாலத்தில் சொல்பவள் பிழைத்துவிட்டாள் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். 'நான் ஓடுகிறேன்' என்றால் அடுத்த வரியில் அவள் இல்லாமலும் போகலாம்.

வேலைப் பிரிவினையும் கவனிக்க வேண்டியது. ஷானுக்கு எல்லாம் தெரியும், அதனால் அவன் விளக்குவதில்லை. கை என்ன செய்கிறது என்று மட்டும் சொல்கிறான். பக்குக்குப் பந்தயம் புதிது, அதனால் வாசகர் கேட்க நினைப்பதை அவள் கேட்கிறாள். தீவனத்துக்குக் காசு எங்கே, வீட்டைக் காப்பாற்ற என்ன வழி என்ற கணக்கும் அவள் பக்கத்தில்தான். கற்பனை உலகத்தை விளக்க நாலு பக்கம் சொற்பொழிவு வைக்கும் நாவல்கள் இங்கே கற்றுக்கொள்ளலாம்.

இருவருக்கும் வேண்டியது ஒரே பரிசு. ஷான் வென்றால்தான் கோர் அவனுடையதாகும், பக் வென்றால்தான் வீடு மிஞ்சும். காதலுக்கு வெளியிலிருந்து வில்லன் யாரும் தேவைப்படவில்லை. அதனாலோ என்னவோ, நாவலில் மிகச் சோர்வான உருவம் மட் மால்வர்ன்தான். பணக்கார முதலாளியின் பொறாமைக்கார மகன்; எந்தப் பக்கத்தில் என்ன செய்வான் என்று முன்கூட்டியே தெரிகிறது. அவனுடைய தந்தை, பேரம் பேசத் தெரிந்த, குதிரையை மதிக்கத் தெரிந்த கிழவர், பத்து மடங்கு சுவாரசியம்.

பக் பெயர் கொடுத்ததும் ஆண்கள் காட்டும் எதிர்ப்பு மிகையாகப் படலாம். 1969 பிப்ரவரி 7 அன்று ஃப்ளோரிடாவின் ஹயாலியா மைதானத்தில் டயான் கிரம்ப், பந்தயப் பணம் கட்டி ஆடும் ஓட்டத்தில் கலந்துகொண்ட முதல் அமெரிக்கப் பெண் ஆனபோது, போலீஸ் பாதுகாப்போடுதான் கூட்டத்தைத் தாண்டிக் குதிரையிடம் போக முடிந்தது. திஸ்பியின் கிழவர்கள் அதைவிட மென்மையானவர்கள்.

டவ் வெல்வது மட்டும் கொஞ்சம் இடிக்கிறது. சிறிய தீவுக் குதிரை, தன்னைவிடப் பெரிதும் வேகமுமான விலங்குகளை முந்த வேண்டும். நாவல் இதற்கு நியாயமான ஏற்பாடு செய்திருக்கிறது: நீர்க்குதிரைகள் நேராக ஓடுவதில்லை. ஒன்றையொன்று கடிக்கின்றன, கடல் பக்கம் திரும்புகின்றன, ஆளைத் தள்ளுகின்றன. நேராக ஓடும் ஒரே குதிரைக்கு அதனால் தூரம் குறைகிறது. தர்க்கம் சரிதான். ஆனால் முன்னணியில் இருப்பவர்கள் தேவையான வரிசையில், தேவையான நேரத்தில் விலகிக்கொண்டே வரும்போது, எழுத்தாளரின் விரல் அங்கங்கே தெரிகிறது. 400 பக்கத் தயாரிப்புக்குப் பின் பந்தயம் சில அத்தியாயங்களிலேயே முடிந்துவிடுவதால் அதை யோசிக்க அவகாசமும் இருப்பதில்லை. பந்தயம் சுருக்கமாக இருப்பது குறை என்று சொல்பவர்களோடு உடன்பட முடியாது. 1,400 மீட்டரை ஓடி முடிக்க நிஜக் குதிரைக்கே ஒன்றரை நிமிடம்தான் ஆகும்.

முறிந்த கால்

பந்தயத்தில் கோரின் கால் முறிகிறது. குதிரை அறிந்தவர்களுக்கு அந்த இடத்தில் மூச்சு நிற்கும், ஏனென்றால் அதன் பொருள் அவர்களுக்குத் தெரியும்.

2006 மே 20 அன்று, அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி பந்தயத்தை வென்று இரண்டு வாரமே ஆன பார்பரோ என்ற குதிரை, ப்ரீக்னஸ் ஓட்டத்தில் பின்னங்காலை முறித்துக்கொண்டது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் நியூ போல்டன் மையத்தில் ஓர் உலோகத் தகடும் 27 திருகுகளும் வைத்து எலும்பைச் சேர்த்தார்கள். பிறகு குதிரையை ஒரு ரப்பர் தெப்பத்தில் வைத்து நீச்சல் குளத்துக்குள் இறக்கி மயக்கம் தெளிவித்தார்கள். மயக்கம் தெளியும் குதிரை திடுக்கிட்டு எழ முயலும், சேர்த்த எலும்பு மறுபடி முறியும். தண்ணீரில் என்றால் எவ்வளவு உதைத்தாலும் கால் எதிலும் மோதாது. எலும்பு ஓரளவு கூடியது. ஆனால் எடை முழுவதும் மற்ற கால்களில் ஏறியதால் அங்கே லாமினைட்டிஸ் என்ற குளம்பு அழற்சி வந்தது. 2007 ஜனவரி 29-ல் பார்பரோவைக் கருணைக்கொலை செய்தார்கள்.

குதிரையால் மூன்று காலில் வாழ முடியாது. நாள்கணக்கில் படுத்திருக்கவும் முடியாது, குடலும் நுரையீரலும் கெட்டுவிடும். முழங்காலுக்குக் கீழே தசை கிடையாது, எலும்பும் தசைநாணும் தோலும் மட்டுமே. ரத்த ஓட்டம் குறைவு, புண் ஆறுவது மெல்ல. லாயத்தில் கால் முறிந்த குதிரைக்கு முடிவு பெரும்பாலும் ஒன்றுதான்.

கோருக்கு மட்டும் இன்னொரு வழி இருக்கிறது. அது தரை விலங்கல்ல. கடலில் எடையை நீர் தாங்கும். நியூ போல்டனில் சிறிது நேரத்துக்குக் கிடைத்த தெப்பக்குளம் கோருக்கு ஆயுள் முழுக்க உண்டு. அவ்வளவு பக்கங்களாக உயிரைக் குடிக்கும் இடமாக இருந்த கடல், இந்த ஒரு குதிரைக்குப் பிழைக்கும் இடமாகிறது. எந்த மந்திரமும் புதிதாக நுழையவில்லை, முதல் பக்கத்திலிருந்தே இருந்த விஷயம்தான். கோர் இனி ஓடாது என்பதால் பரிசுப் பணத்துக்கு வாங்கும் பேரமும் அர்த்தமிழக்கிறது. அந்தக் குதிரை கடைசியில் ஷானுடையதாகிறது, கையில் வைத்திருக்க முடியாத நிலையில்.

அவன் அதைக் கரைக்கு நடத்திப்போகிறான். தலைக்கயிற்றை அவிழ்க்கிறான். நொண்டிக்கொண்டே குதிரை அலைக்குள் இறங்குகிறது. யேட்ஸ் எழுதியபடி தண்ணீரைப் பார்த்த நீர்க்குதிரை உள்ளே பாய்ந்துவிடும். கோர் நிற்கிறது, தலையைத் திருப்புகிறது, ஷான் நிற்கும் கரையை நோக்கித் தண்ணீரிலிருந்து ஏறி வருகிறது.